சாமத்திய வீட்டுக்குப் பின்னரும் பிள்ளை உண்ண வேண்டும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களிலே பெண்பிள்ளை ஒருத்தி பெரியபிள்ளையானால் அந்த வீட்டு அடுப்பின் வேலையே மாறிவிடும். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் அவளுக்கென்று தனியாக ஆயத்தமாகும். மாமியும் பெரியம்மாவும் முறைவைத்துக் கொடுத்தனுப்புவர். புரதம், இரும்புச்சத்து என்ற பெயர்களை அவர்கள் அறிந்திருக்கவில்லை. ஆயினும், வளருகின்ற உடம்புக்கு வழமையான சோறு மட்டும் போதாது என்பதை அறிந்திருந்தார்கள்.

இன்று ரொறன்ரோவில் அதே சடங்கை மண்டபம் எடுத்து, வீடியோப் பிடித்து, நூற்றுக்கணக்கானோருக்கு விருந்து வைத்து நடத்துகின்றோம். நடத்துவதிலே தவறில்லை. ஆனால், சடங்கு முடிந்த மறுவாரம் அப்பிள்ளை காலையில் எதை உண்டு பாடசாலைக்குப் போனாள் என்று கேட்டால், விடை சொல்லக்கூடிய பெற்றோர் எம்மிடையே எத்தனை பேர்?

பெற்றோரைக் குறைகூற இதனை எழுதவில்லை. தந்தைக்கு இரவு வேலை, தாய்க்கு விடியற்காலை வேலை என்றிருக்கும் வீடுகளே எம்மிடம் அதிகம். பிள்ளை தானே எழும்பி, வெறுவயிற்றோடு பேருந்துக்கு ஓடுகின்றது. கட்டிக்கொடுத்த சோற்றின் கறிவாசத்தை மற்றப் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள் என்று அஞ்சி, மதியப் பெட்டியைத் திறவாமலே குப்பையில் கொட்டுகின்றது. மாலையில் பசி தாங்காமல் உருளைக்கிழங்குப் பொரியலும் சோடாவும் வாங்குகின்றது. இரவு பத்து மணிக்குத்தான் சோறு. பாத்திரம் வெறுமையாக வந்ததைக் கண்டு தாய் மகிழ்கின்றாள். பிள்ளையோ நாள் முழுவதும் உண்ணவில்லை.

ஊரில் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழும் பிள்ளையிடம் நாம் முதலில் கேட்பது, "காலமை சாப்பிட்டனியோ?" என்பதே. இந்நாட்டிலும் கேட்கவேண்டிய கேள்வி அதுதான்.

கட்டிளமைப் பருவத்தில் உடல் வேகமாக வளருகின்றது. எலும்பின் பெரும்பகுதி உறுதி பெறுவதும் இந்த ஆண்டுகளிலேதான். கனடாவின் ஊட்டச்சத்து அளவுகளின்படி 14 முதல் 18 வயது வரையான பெண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். ஆண்பிள்ளைக்கு 11 மில்லிகிராம். மாதந்தோறும் குருதி இழப்பதனால் பெண்பிள்ளையின் தேவை கூடுதலாகின்றது. அது குறைந்தால் களைப்பு, தலைச்சுற்று, படியேறும்போது மூச்சுவாங்கல், பாடத்தில் மனம் பதியாமை ஆகியன தோன்றும். நாமோ "சோம்பேறி" என்று ஏசுகின்றோம். ஏசுவதற்கு முன்னர் மருத்துவரிடம் அழைத்துச் சென்று குருதியைச் சோதிப்பதே முறை. இரும்புச்சத்து மாத்திரையைத் தாமாகவே வாங்கிக் கொடுத்தலும் ஆகாது. அளவு மிஞ்சினால் அதுவும் தீங்கு செய்யும்.

இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்றுக்கொள்ளும். பருப்பு, கடலை, பயறு, கீரை என்பவற்றில் உள்ளதை அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ளாது. ஆனால் விற்றமின் சி சேர்ந்தால் அதுவும் நன்கு உட்செல்லும். கீரை வறைக்கும் பருப்புக்கும் தேசிக்காய்ப்புளி விடுகின்ற எம்மவர் வழக்கம் எவ்வளவு பொருத்தமானது! இதற்கு மாறாக, சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அந்த இரும்பைத் தடுத்துவிடும். தேநீர் வேண்டுமானால் ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும்.

அடுத்தது கல்சியம். 9 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 1,300 மில்லிகிராம் தேவை. பால், தயிர், முள்ளோடு உண்ணும் நெத்தலி, ரின்னில் வரும் சாளை ஆகியன இதற்கு உதவும். கல்சியம் எலும்பில் சேர விற்றமின் டி வேண்டும். ஊரில் அதனை வெயில் இலவசமாகத் தந்தது. இங்கே குளிர்கால வெயிலுக்கு அந்த வலு இல்லை. எமது கறுத்த தோலுக்கோ கோடையிலும் கூடுதலான நேரம் வேண்டும். கனடாவில் பசுப்பாலுக்கு விற்றமின் டி சேர்க்கவேண்டும் என்பது சட்டம். பால் குடியாத பிள்ளைக்கு என்ன கொடுப்பதென்று மருத்துவரைக் கேளுங்கள்.

ஆண்பிள்ளைகளின் பெற்றோர் இது எமக்கல்ல என்று எண்ணவேண்டாம். 355 மில்லிலீற்றர் கோலா ரின் ஒன்றில் ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டிச் சீனி உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு நாளைக்கு ஆறு தேக்கரண்டி அளவுக்குள் நிற்பது நலம். தெற்காசிய மரபினரை நீரிழிவு இளவயதிலேயே, உடல் பெரிதாகப் பருக்காதபோதும் பற்றுகின்றது. வீட்டில் பேரனுக்கும் பேத்திக்கும் சோடா வார்த்துக் கொடுக்கும் அம்மம்மாவே பல வேளைகளில் இன்சுலின் ஏற்றுகின்றவராக இருப்பதை நாம் காண்கின்றோம்.

இதற்காக எமது சாப்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. 2019 இல் வெளிவந்த கனடிய உணவு வழிகாட்டி, தட்டின் பாதியை மரக்கறிக்கும் பழத்துக்கும், காற்பங்கைப் புரத உணவுக்கும், காற்பங்கை முழுத்தானியத்துக்கும் ஒதுக்குகின்றது. எம்மவர் தட்டிலோ நடுவில் சோற்றுமலை, ஓரத்தில் கறி. கறிகளைக் கூட்டிச் சோற்றைக் குறைத்தால் அந்த வழிகாட்டியும் எமது தட்டும் ஒன்றாகிவிடும். வெள்ளைப் பச்சையரிசிக்குப் பதிலாக வாரத்தில் சில நாள் தவிடு நீக்காத சிவப்பரிசி சமைக்கலாம். செலவும் பெரிதன்று. பருப்பு, முட்டை, ரின் மீன், கோவா, உறைய வைத்த மரக்கறி யாவும் மலிவானவை.

மதியப் பெட்டியைப் பற்றிப் பிள்ளையோடு கதையுங்கள். சோறுதான் கொண்டுபோக வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பாணுக்குள் முட்டையோ ரின் மீனோ வைத்து, ஒரு தோடம்பழத்தோடு கொடுத்தால் போதும். கடலைச் சுண்டலும் நன்று. காலையில் ஒரு கோப்பை பாலும் ஒரு வாழைப்பழமும் உண்ண ஐந்து நிமிடமே செல்லும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விருந்துக்கு வரும் உறவினர் "என்ன பிள்ளை, நல்லாய்க் கொழுத்திட்டாய்" என்றும், "ஈர்க்குமாதிரி இருக்கிறாய்" என்றும் எல்லார் முன்னிலையிலும் சொல்வர். அன்போடு சொல்கின்ற அச்சொல்லைக் கேட்டுப் பட்டினி கிடக்கின்ற பிள்ளைகள் உண்டு. உடம்பைப் பற்றிய பேச்சை நிறுத்தி உணவைப் பற்றிப் பேசுவோம்.

திருவள்ளுவர் மருந்து என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதன் பத்துக் குறள்களிலே பாதிக்கு மேல் உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். உயிரைக் காக்க ஊரைவிட்டு வந்தவர்கள் நாம். வேலை நேரங்கள் எவ்வாறாயினும், நாளில் ஒரு வேளையாவது பிள்ளையோடு ஒன்றாக இருந்து உண்பதென்று ஒவ்வொரு வீடும் தீர்மானிக்கட்டும். அந்த ஒருவேளையிலே பிள்ளை எதை உண்கின்றது, எதை ஒதுக்குகின்றது, ஏன் வாடியிருக்கின்றது என்பவை எல்லாம் பெற்றோரின் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.