தறிக்குழியும் தளிர்நடையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - விலங்கியல்)

குழந்தையின் வளர்ச்சியைப் பருவம் பருவமாகப் பிரித்துப் பாடி மகிழ்ந்தவர்கள் நம் புலவர்கள். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்கள் உண்டு. ஐந்தாம் மாதத்தில் கைகளை ஊன்றித் தலையசைத்தாடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டி மகிழ்வது சப்பாணி. ஓராண்டு நிறையும் காலத்தில் தளிர்நடை நடந்து வருவது வருகை. 17-ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிலும் இப்பருவங்களைக் காணலாம்.

விலங்கியல் வகுப்பில் படிப்பதோ வேறொரு கணக்கு. பசுவின் கன்று பிறந்த சில மணி நேரத்திற்குள் தானே எழுந்து நிற்கிறது. மனிதக் குழந்தைக்கு அதற்கு ஓராண்டு வேண்டியிருக்கிறது. அந்த ஓராண்டில் அதன் எடை மூன்று மடங்காகிறது. உயரம் பாதியளவு கூடுகிறது. மூளை ஏறத்தாழ இரு மடங்காகிறது. இவ்வளவும் நடந்து முடியும்வரை அதனைப் பிறர்தாம் காக்க வேண்டும். அந்தப் 'பிறர்' யார், அவர்கள் கொடுக்கும் விலை என்ன என்பதைப் புலவரும் சொல்லவில்லை, பாடநூலும் சொல்லவில்லை. அதை நான் எங்கள் வீட்டில் கற்றுக்கொண்டேன்.

எங்களுடையது ஆரணிப் பக்கத்து நெசவாளர் குடும்பம். முதலாளியிடம் பாவும் ஜரிகையும் வாங்கி வந்து, கூலிக்குப் பட்டுச் சேலை நெய்கிறோம். அப்பாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என இரண்டு குழித்தறிகள் கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். குழித்தறியைப் பார்த்திராத நண்பர்களுக்குச் சொல்கிறேன். நெய்பவர் தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் கீழே தொங்கவிட்டு மிதிபலகையை மிதிப்பதற்காகத் தறியின் அடியில் குழி வெட்டியிருப்பார்கள். பெரியவர்களுக்கு அது தொழில் செய்யும் இடம். தவழும் குழந்தைக்கு அது கிணறு!

அண்ணனின் மகளை நாங்கள் பாப்பா என்றே அழைக்கிறோம். எட்டாம் மாதம் அவள் தவழத் தொடங்கினாள். அன்று மாலையே அம்மா ஒரு பழஞ்சேலையை நீளவாக்கில் கிழித்து எடுத்து வந்தாள். எங்கள் தெருவில் அது வழக்கந்தான். குழந்தையின் இடுப்பில் துணியைக் கட்டி, மறுமுனையைத் தூணில் முடிந்துவிட்டால் போதும். தறியும் ஓடும், பிள்ளையும் குழியில் விழாது. அண்ணனும் நானும் அப்படி வளர்ந்தவர்களே. அண்ணி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தத் துணியை வாங்கிக் குழந்தையின் தூளியில் மடித்துப் போட்டுவிட்டுத் தார் சுற்றப் போய்விட்டார். மறுநாளிலிருந்து பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே ராட்டினம் சுற்றினார்.

இதைப் பத்து நாள் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் தம் தறியில் சேலையை அறுத்து இறக்கியவர், அடுத்த பாவைப் பிணைக்கவில்லை. ஆசாரியிடம் சொல்லிப் பலகை அறுத்து வந்து குழியை மூடினார். அண்ணன் தறிக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே மூங்கில் தட்டி கட்டினார்.

"சும்மா கிடக்கிற தறி சோறு போடுமா?" என்று அம்மா கேட்டாள்.

"தறி சும்மா கிடக்கட்டும். புள்ள கட்டிக் கிடக்க வேணாம்" என்றார் அப்பா.

அம்மாவின் கேள்வி பொய்யான கேள்வியன்று. மாதம் நான்கு சேலை இறங்கிய வீட்டில், அப்பாவும் அண்ணனும் ஒரே தறியில் மாறி மாறி உட்கார்ந்தும் இரண்டரைக்கு மேல் இறங்கவில்லை. மளிகைக் கடைக் கணக்கு நீண்டது. அண்ணியின் சங்கிலி அடகுக்குப் போனது. விடியற்காலை ஐந்து மணி முதல் ஏழு மணிவரை பாப்பா என் பொறுப்பு. அந்த நேரத்தில்தான் அண்ணி தார் சுற்றி முடிப்பார். மண்புழுவின் உணவு மண்டலத்தைத் தாலாட்டு இராகத்தில் படித்த மாணவி இக்கல்லூரியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்!

சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே, தம் மூன்று குழந்தைகளைக் கூர்ந்து கவனித்தே குழந்தை அறிவு வளரும் முறையை எழுதினார். மறைத்த பொருள் மறைந்த இடத்திலேயே இருக்கிறது என்பதைக் குழந்தை மெல்ல மெல்லத்தான் உணர்கிறது என்றார் அவர். நானும் ஒரு மரக் கரண்டியைத் துணிக்கடியில் மறைத்து வைத்துப் பார்த்தேன். ஏழாம் மாதத்தில் பாப்பா வேறு பக்கம் திரும்பிவிட்டாள். ஒன்பதாம் மாதத்தில் துணியை இழுத்தெறிந்து கரண்டியை எடுத்து என் தலையிலேயே ஒரு போடு போட்டாள். கண்ட உண்மைக்குக் கிடைத்த பரிசு அது!

அவள் முதலடி எடுத்து வைத்தது அப்பாவின் தறிக்குழியை மூடிய அந்தப் பலகையின் மேல்தான். பிறந்தபோது 2 கிலோ 800 கிராம் இருந்தவள், முதல் பிறந்தநாளையொட்டி அங்கன்வாடியில் நிறுத்தபோது 8 கிலோ 600 கிராம் இருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, எடை அட்டையில் கோடு மேலே ஏறினால் நல்லது என்பதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இப்போது வருவோர் போவோருக்கெல்லாம் அவளே அட்டையை விரித்து விளக்குகிறாள்.

எங்களைத் தூணில் கட்டி வளர்த்த அம்மாவுக்கு அன்பு குறைவா? இல்லை. இரண்டு தறியும் ஓடினால்தான் அன்று அடுப்பு எரியும். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லது. ஆனால் வீட்டையே தொழிற்கூடமாகக் கொண்ட எங்களுக்கு அதனால் என்ன பயன்? ஒரு வயதுக் குழந்தையைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ள எங்கள் தெருவில் ஓரிடம் இருந்திருந்தால், அப்பாவின் தறி நின்றிருக்காது. அம்மாவும் அந்நாளில் எங்களைக் கட்டிப் போட்டிருக்க மாட்டாள்.

என்னுடன் படிப்போரில் செங்கல் சூளையிலிருந்தும் களத்துமேட்டிலிருந்தும் வந்தவர்கள் பலர். மரக்கிளைத் தூளியில் வளர்ந்தவர்களும் உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நாம். நாமும் ஒரு வயதாக இருந்தோம். நமக்காகவும் யாரோ கூலியை இழந்திருப்பார்கள். அது யார், எத்தனை நாள் கூலி என்று வீட்டில் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், நண்பர்களே.

பாப்பாவுக்கு மூன்று வயது நிறைந்ததும் பலகையை எடுத்துவிட்டு மறுபடியும் பாவு பிணைக்கலாம் என்கிறார் அப்பா. அதற்குள் என் பட்டப்படிப்பு முடிந்திருக்கும். வேலை கிடைத்தால் முதல் சம்பளத்தில் அண்ணியின் சங்கிலியை மீட்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறேன்.