வாயைப் பொத்திச் சிரித்த காலம்

வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பழக்கம் எனக்கு 2009இல் மெனிக் பாம் முகாமில் வந்தது. கிடைத்த பிரஷ்கள் மூன்று பிள்ளைகளுக்கே போதவில்லை. நான் கரித்தூளால் தேய்த்தேன். முரசில் இரத்தம் வந்தது. கணவரைப் பறிகொடுத்தவளுக்குப் பல் ஒரு கவலையா?

1983 வன்செயலுக்குப் பின் நாங்கள் இரத்தோட்டையை விட்டு வன்னிக்குப் போனவர்கள். முகாமிலிருந்து மறுபடியும் அங்கேயே, தோட்டத்தில் தங்கிவிட்ட அக்காவிடம் வந்து சேர்ந்தோம். வருடங்கள் போகப் பல் ஆடத் தொடங்கியது. அக்கா கராம்பெண்ணெய் தந்தாள். பாமசியில் ஒரு ஜெல் வாங்கி முரசின் மேல் பூசினேன். வாய் மணத்தது, ஆட்டம் நிற்கவில்லை. ஓரிடத்தில், "எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாம்" என்றார்கள்.

கடந்த வருடம் மகள்தான் பேராதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வைத்தியர் மெல்லிய அளவுகோலை முரசுக்குள் விட்டுப் பார்த்தார். 3 மில்லிமீற்றருக்கு மேற்படாமல் இருக்க வேண்டிய இடைவெளி சில இடங்களில் 7 இருந்தது.

"மேலே பூசுவதை எச்சில் கழுவிவிடும் அம்மா. உள்ளே காறை இருக்கிறது. முள்ளை எடுக்காமல் புண்ணுக்கு மருந்து போடலாமா?"

விறைப்பு ஊசி போட்டு, இரண்டு தவணையில் வேர்வரை சுரண்டினார். சில வாரங்களில் பல இடங்கள் ஆறின. ஆறாத இரண்டு பள்ளங்களில் மட்டும் டொக்சிசைக்கிளின் ஜெல்லைச் செலுத்தினார். அது உள்ளேயே இறுகி, சுமார் ஒரு வாரம் மெல்ல மெல்ல மருந்தை விடுமாம். குளோர்ஹெக்சிடின் கலந்த சிறு தகடும் உண்டாம். 7 முதல் 10 நாளில் தானே கரையும். குளிசையென்றால் மருந்து உடம்பெல்லாம் ஓடும். இதில் நோயுள்ள இடத்திலேயே நிற்கும். ஆனால் சுரண்டாமல் இதை மட்டும் வைப்பதில் பயனில்லை.

முதலில் சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்த்தார். சகோதரிகளே, கர்ப்பமாக இருந்தாலோ பால் கொடுத்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள். டொக்சிசைக்கிளின் அப்போது ஆகாது.

1970 முதல் 1985 வரை நம் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் முரசுகளை ஆராய்ந்தார்களாம். பல் துலக்கும் பழக்கமே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு 8 பேருக்குத்தான் நோய் வேகமாக முற்றியதாம். 480 பேரும் ஆண்கள். கொழுந்து பறித்த பெண்களுக்கு வாய் இல்லையா என்று கேட்க நினைத்தேன். அப்போது என் வாய்க்குள் கருவி இருந்தது.

ஒரு பல் போய்விட்டது. மற்றவை நிற்கின்றன. பேரனின் முதல் பிறந்தநாள் படத்தில் என் இரண்டு கைகளும் அவனைப் பிடித்திருக்கின்றன.