மேலொட்டியும் ஒட்டுண்ணியும்

நுவரெலியாவுக்கு அப்பாலுள்ள உயர்காடொன்றில் நடந்துகொண்டிருந்தபோது, மூடுபனிக்கிடையே ஒரு நறுமணம் வந்தது. பூவைத் தேடிக் கண்டுகொள்ளச் சற்று நேரமாயிற்று. பாசி படர்ந்த கிளையில் வெண்ணிறப் பூக்கள். உதட்டிதழில் மட்டும் மஞ்சட் சாயல். 1830இல் இந்த ஓக்கிட்டை விவரித்த ஜோன் லிண்ட்லி, சீலோஜைன் ஓடொராட்டிசிமா என அதற்குப் பெயரிட்டார். இரண்டாஞ் சொல்லுக்கு 'மிக்க நறுமணமுடையது' என்பது பொருள். இலத்தீன் பெயர்களில் இத்துணை நேர்மை அரிது.

உடன் வந்த நண்பர், "ஒட்டுண்ணி" என்றார். தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்த எனக்கு அச்சொல் புதிதன்று. எம்மவரைக் குறித்தும் அது கூறப்படக் கேட்டிருக்கிறேன். ஆகவே அச்செடியின் பொருட்டுச் சற்று வாதாட நேர்ந்தது.

ஒட்டுண்ணி, தான் பற்றிய மரத்தின் சாற்றை உறிஞ்சி வாழ்வது. இதுவோ மேலொட்டி. மரத்திடம் இது பெறுவது இருக்க ஓர் இடம் மட்டுமே. இதன் வேர்கள் மரத்தினுட் புகுவதில்லை; அவற்றைப் போர்த்துள்ள பஞ்சு போன்ற படை மழைநீரையும் மூடுபனியின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. இலையடியிலுள்ள போலிக்குமிழ்கள் அந்நீரைச் சேமிக்கின்றன. உணவைப் பச்சை இலைகள் தாமே ஆக்குகின்றன. கடன் என்று ஒன்றுண்டாயின், அது முளைக்கும் பருவத்திலேதான்: தூசு போன்ற வித்தில் உணவுச் சேமிப்பு இல்லாமையால், ஒரு பங்கசு ஊட்டினாலன்றி அது முளைப்பதில்லை.

இலங்கை மலைகளிலும் தென்னிந்திய மலைகளிலும் வளரும் இனம் இது. இரு நாட்டுக்கும் உரியதென்று தாவரவியலார் ஒரே வரியில் எழுதிவிடுகின்றனர். எம் மூதாதையரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் எண்ணிப் பங்கிட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது.

ஆயினும் இச்செடியை எமது சின்னமாகக் கொள்ள எனக்குத் துணிவில்லை. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் அழிக்கப்பட்டபோது, முதலும் கட்டளையும் துரைமாருடையவை. கோடரி பிடித்த கைகளில் எம் முன்னோரின் கைகளும் இருந்தன. மரத்தோடு மேலொட்டியும் வீழ்ந்தது. 1873இல் தாவரவியலார் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனைக்குப் பின்னரே 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவது தடுக்கப்பட்டது. எங்கள் லயம் அந்த எல்லைக்குக் கீழே உள்ளது. அங்கே தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரங்களின் கிளைகளில் இப்பூவை நான் ஒருநாளும் கண்டதில்லை.