வலையா, தசையா?

கொசுவலைத் துணியை வயிற்றுக்குள் வைத்துத் தைப்பார்கள் என்றால் நம்புவீர்களா? மகாராஷ்டிரத்தில் தோண்டாயிச்சா என்ற சிற்றூரின் டாக்டர் டோங்காவ்கர் அதைத்தான் செய்தார். ஹெர்னியாவுக்கு, அதாவது குடலிறக்கத்துக்கு வைக்கும் 'மெஷ்' என்கிற வலை அநியாய விலை. கொசுவலையைக் கிருமி நீக்கி வைத்தால் ஏழைக்குக் கட்டுப்படியாகுமே! பல ஊர்களில் செய்து பார்த்து 2003-ல் கட்டுரையும் வெளியிட்டார்கள்.

கடையநல்லூரில் மாமியிடம் இதைச் சொன்னேன். சிரிக்கவில்லை. ''வலைங்கிற பேச்சையே எடுக்காதப்பா'' என்றார்.

மாமிக்கு சிசேரியன் தழும்பு வழியாகக் குடல் பிதுங்கியது. ஓர் ஆஸ்பத்திரியில் வலை வைத்து மூடினார்கள். சில மாதத்தில் சீழ். இரண்டு வருஷம் துணியை மடித்து வைத்துக்கொண்டு, அத்தர் பூசிக்கொண்டு, கல்யாண வீடுகளுக்குப் போகாமல் மறைத்திருக்கிறார். மாத்திரை சாப்பிட்டால் நிற்கும், விட்டால் வரும்.

ஏன் தெரியுமா? பிளாஸ்டிக் இழைக்கு ரத்த ஓட்டம் இல்லை. கிருமிகள் அதன்மேல் பாசி மாதிரி படலம் கட்டிக் குடியேறிவிட்டால் மருந்து சரியாக எட்டாது. பல சமயம் வலையையே எடுத்தாக வேண்டும். எடுத்தால் பழையபடி ஓட்டை. புது வலை வைத்தால் அதுவும் சீழ் பிடிக்கலாம்.

அப்போதுதான் சொந்தச் சதை கைகொடுக்கிறது. வயிற்றின் பக்கச் சுவரில் தசை மூன்று அடுக்கு. வெளி அடுக்கை மட்டும் நீளவாக்கில் விடுவித்தால், நடுத்தசை இடுப்பு மட்டத்தில் ஒரு பக்கம் 10 சென்டிமீட்டர் வரை நகர்ந்து கொடுக்கும் என்று 1990-ல் ராமிரெஸ் என்ற டாக்டர் காட்டினார். உள்ளே மடித்து விட்ட துணியைப் பிரித்து டெய்லர் ஜாக்கெட்டைப் பெரிசாக்குவாரே, அந்த வேலைதான். இரண்டு பக்கமும் இழுத்து நடுவில் தைக்கலாம். ரத்தம் ஓடும் தசை கிருமியோடு சண்டையும் போடும்.

தொடை இடுக்கில் வரும் குடலிறக்கத்துக்கு, அங்கேயே இருக்கும் தசைநார்ப் பட்டையை வைத்துத் தைக்கும் முறையை 2001-ல் எழுதியவர் புனே டாக்டர் தேசர்தா. கொசுவலையும் மகாராஷ்டிரம்தான், வலையே வேண்டாம் என்பதும் மகாராஷ்டிரம்தான்!

இதைப் படித்துவிட்டு, 'எனக்கு வலை வேண்டாம் டாக்டர்' என்று கிளம்பிவிடாதீர்கள். சீழ் இல்லாத இடத்தில், பெரிய ஓட்டைக்கு வலைதான் உறுதி. வெறும் தையல் மறுபடி விட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். சர்க்கரை, புகை, ஓயாத இருமல் இருந்தால் இன்னும் அதிகம்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் மாமியிடமும் இதை ஒளிக்காமல் சொன்னார்கள். ''திரும்பப் பிதுங்குனா பிதுங்கட்டும் டாக்டர். நாலு பேர் நடுவுல வாடை இல்லாம உக்காரணும்'' என்று கையெழுத்துப் போட்டார்.

இப்போது வயிற்றில் பெல்ட். தண்ணிக்குடம் தூக்குவது மருமகள். போன மாசம் ஒரு கல்யாண வீட்டில், பிரியாணியில் உப்பு கம்மி என்று பந்தியில் உட்கார்ந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.