பழைய எஞ்சினும் புதிய கடனும்

ரொறன்ரோவைச் சுற்றி ட்ரக் ஓட்டிப் பிழைக்கும் எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால், ஊர்க்கதை முடிந்த கையோடு ஒரு வழக்கு தொடங்கும். பத்து லட்சம் மைல் ஓடிய பழைய ட்ரக்குக்கு எஞ்சின் வேலை செய்து தொடர்ந்து ஓட்டுவதா, டீசல் குறைவாகக் குடிக்கும் புதியதை லோனில் எடுப்பதா? சொந்த ட்ரக் வைத்திருக்கும் ஒருவருக்கு வீடு வாங்குவதற்கு அடுத்த பெரிய முடிவு இது. பிழைத்தால் வீடும் சேர்ந்து ஆட்டம் காணும்.

புதியதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் சக்கரத்துக்குத் தரும் பலத்தில் பாதியளவு காற்றைத் தள்ளுவதற்கே போய்விடுகிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த நீள மூக்கு ட்ரக்குகள் காற்றை முட்டி உடைத்துக்கொண்டு போகும். இன்றைய ஃப்ரெய்ட்லைனர் கஸ்கேடியா போன்றவை காற்றை வழுக்கவிடும்படி வடிவமைக்கப்பட்டவை. தானே கியர் மாற்றிக்கொண்டு எஞ்சினைக் குறைந்த சுற்றிலேயே வைத்திருக்கும். 2017இல் ஏழு ட்ரக்குகளை உண்மையான சுமையோடு ஓடவிட்ட ‘ரன் ஒன் லெஸ்’ பரிசோதனையில் சராசரியாக அமெரிக்கக் கலனுக்கு 10.1 மைல் கிடைத்தது. எங்கள் கணக்கில் 100 கிலோமீற்றருக்கு 23 லீற்றர் சொச்சம். அந்த ஓட்டுநர்கள் கைதேர்ந்தவர்கள். சாதாரணமாக ஓட்டுகிறவருக்குப் புதிய ட்ரக் 29 லீற்றர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 12.7 லீற்றர் டிட்ராய்ட் சீரீஸ் 60 எஞ்சின் பூட்டிய என் 1999ஆம் ஆண்டு ஃப்ரெய்ட்லைனர் 37 லீற்றர் கேட்கும்.

வித்தியாசம் எட்டு லீற்றர். மேற்குக் கரைவரை போய்வந்து வருடத்துக்கு 160,000 கிலோமீற்றர் ஓடுகிறவருக்கு 12,800 லீற்றர் மிச்சம். லீற்றர் ஒன்றரை டொலர் என்றால் 19,200 டொலர். கண்ணைப் பறிக்கும் தொகைதான். ஆனால் வின்சருக்கும் கிங்ஸ்ரனுக்கும் இடையே 401ஆம் நெடுஞ்சாலையில் ஓடி, அதில் பாதித் தூரமே கடக்கும் என்னைப் போன்றவருக்கு அது 9,600 ஆகிவிடும். புது ட்ரக்கோ வரியோடு இரண்டு லட்சம் டொலரைத் தாண்டும். மாதம் நாலாயிரம் கட்டினால் வருடத்துக்கு 48,000. பழையதன் பராமரிப்புக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு ஒதுக்கி, கூடுதலாகக் குடிக்கும் டீசலையும் சேர்த்தாலும் எனக்கு 27,600தான் வருகிறது. அதிக தூரம் ஓடுகிறவருக்கு இந்த இடைவெளி வெகுவாகக் குறையும். றோட்டில் நின்றுபோகும் நாட்களின் நட்டத்தையும், கடன் முடிகையில் கையில் மிஞ்சும் ட்ரக்கின் விலையையும் சேர்த்தால், தராசு புதியதன் பக்கம் சாயக்கூடும். ஆகவே ‘புதுசு டீசல் மிச்சம்’ என்று விற்பனையாளர் சொல்வது பொய்யில்லை. அந்த மிச்சம் யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர் ஓடும் தூரமே தீர்மானிக்கிறது.

2021இல் சரக்குக் கூலி உச்சத்தில் இருந்தபோது எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, கையிலிருந்த கடனில்லாத ட்ரக்கை விற்றுவிட்டுப் புதியது எடுத்தார். அடுத்த வசந்தத்தில் ஒன்ராறியோவில் டீசல் லீற்றர் இரண்டு டொலரைத் தாண்டியது; அவர் எடுத்த முடிவு சரியென்று எல்லோரும் சொன்னோம். பிறகு கூலி விழுந்தது. விழுந்தும் மாதக் கட்டுக்காசு அப்படியே நின்றது. சுப்பீரியர் ஏரிக்கரையோரம் வாவா பக்கத்தில் 17ஆம் நெடுஞ்சாலையைப் பனிப்புயலுக்கு மூடித் திறந்துகொண்டிருந்த கிழமைகளில், அரைக்கூலிக்கு வந்த சுமையையும் ஏற்றிக்கொண்டு அவர் அந்தப் பாதையில் போனார். “வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது அண்ணை. பதினைஞ்சாம் திகதி காசு வெட்டுவாங்கள்” என்றார்.

எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தெரிவது இதுதான். புரோக்கர் போன் எடுத்து மட்டமான கூலி சொல்லும்போது ‘இந்தச் சுமை வேண்டாம்’ என்று வைத்துவிட முடிகிறதா? புயல் அறிவிப்பு வந்தால் வண்டியை ஓரம் கட்ட முடிகிறதா? பிள்ளையின் பட்டமளிப்புக்கு ஒருநாள் நிற்க முடிகிறதா? இங்கே வந்து சேர ஏஜென்சிக்குக் கொடுத்த காசை அடைக்கவே எங்களில் பலருக்கு இந்த நாட்டின் முதல் பத்து வருடம் போனது. சீட்டுப் பிடித்து, இரண்டு வேலை பார்த்து அதிலிருந்து வெளியே வந்தவர்கள் நாங்கள். மறுபடியும் ஒரு பெரிய கடனில் கையெழுத்திடும் முன், அது பறிக்கப்போகிற சுதந்திரத்துக்கும் ஒரு விலை போட வேண்டும். எந்த லோன் பத்திரத்திலும் அந்த விலை எழுதியிருக்காது.

ஆனால் பழையது எல்லாமே புதுப்பிக்கத் தகுந்ததில்லை. என் ட்ரக்கைப் பிரித்த மெக்கானிக் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். நான் எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, அவர் டோர்ச்சையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு ட்ரெயிலர் பூட்டும் இடத்துக்குக் கீழே போய்ப் படுத்தார். “தம்பி, எஞ்சினை விடும். முதல் சேசிஸைப் பாரும்” என்றார். ஒன்ராறியோவில் குளிர்காலம் முழுக்க றோட்டில் கொட்டும் உப்பு, இரும்புச் சட்டத்தின் இரண்டு தகடுகளுக்கு நடுவே புகுந்து துருவாகப் பொங்கி, தகடுகளையே பிரித்துவிடும். அவர் ஒவ்வோர் அடியாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீரென்றது. ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்து வந்தது. அங்கே சுரண்டிப் பார்த்து, மேல்துரு மட்டும்தான் என்று தெரிந்த பிறகே எஞ்சின் பக்கம் வந்தார். சட்டம் போயிருந்தால் எவ்வளவு நல்ல எஞ்சினையும் அதன்மேல் வைப்பது வீண்; வருடாந்தச் சோதனையில் தேறாது.

எஞ்சின் ஓடும்போது ஒயில் மூடியைத் திறந்தார். புகை குபுகுபுவென்று வந்தது. ரிங்குகள் தேய்ந்ததற்கு அது சாட்சி. எஞ்சினைக் கீழே இறக்காமல், இருந்த இடத்திலேயே மேலே ஹெட்டையும் கீழே ஒயில் பானையும் கழற்றி, ஆறு பிஸ்டன்களையும் லைனர்களையும் உருவி எடுத்தார்கள். லைனரின் உட்சுவரில் ஒயிலைப் பிடித்துவைக்கக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டிருக்கும் நுண்கீறல்கள் அழிந்து, கண்ணாடியாக மினுங்கியது. மேல்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தேன், படி தட்டியது. பேரிங் ஓடுகளில் மேற்பூச்சு தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தது. புதிய லைனர், பிஸ்டன், பேரிங், ஹெட் வேலை, கூலி எல்லாம் சேர்த்து முப்பதாயிரம் டொலரை ஒட்டி முடிந்தது.

1990க்குப் பிறகு வடக்குக்கு எரிபொருள் தடைபட்ட காலத்தில், அந்த மெக்கானிக் யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். சொட்டுப் பெற்றோல் விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்களையும் ஒஸ்ரின் ஏ-40களையும் வைத்துக்கொண்டு நோயாளிகளையும் பிணங்களையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஏற்றி இறக்கிய தலைமுறை அவருடையது. உதிரிப்பாகம் கிடைக்காத ஊரில் பழகிய கை, எல்லாம் கிடைக்கும் நாட்டில் அளவுக் கருவியோடு நிதானமாக வேலை செய்வதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்ட கைகள் எங்கள் சமூகத்தில் குறைந்துவருகின்றன. ஒரு எஞ்சினை இன்னொரு பத்து லட்சம் கிலோமீற்றருக்கு வாழவைக்கத் தெரிந்தவரிடம் இளையவர் நாலு பேராவது இந்தத் தொழிலைக் கற்க வேண்டும்.

என் பக்கத்துக்கு எதிரான கணக்கும் ஒன்று உண்டு. அமெரிக்காவின் 2007ஆம் ஆண்டு விதி, ட்ரக் புகையின் கரித்தூளைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கச் சொன்னது. 2010ஆம் ஆண்டு விதிக்குப் பிறகு நைதரசன் ஒக்சைட்டைக் குறைக்க யூரியாக் கரைசல் வந்தது. அந்தக் கரைசல் மைனஸ் 11 பாகையில் உறையும், சென்சர் ஒன்று பிழைத்தால் எஞ்சின் தன் பலத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று நாங்கள் அலுத்துக்கொள்கிறோம். ஆனால் 401இன் இரு கரையிலும், ஸ்காபரோவில், எங்கள் பிள்ளைகளும்தான் மூச்சு விடுகிறார்கள். தேய்ந்த எஞ்சினோடு ஒயில் எரித்துக்கொண்டு ஓடுவதைவிடப் புதுப்பித்து ஓடுவது சுத்தமானது. 2010க்குப் பிந்திய எஞ்சின் அதைவிட மிகமிகச் சுத்தமானது. கலிபோர்னியா 2023 தை முதல் பெரும்பாலும் அப்படிப்பட்ட ட்ரக்குகளையே அனுமதிக்கிறது. என் ட்ரக் அந்த மாநிலத்துக்குள் போக முடியாது, அது நியாயம்தான். 2000க்கு முந்திய வண்டிகளுக்கு மின்னணு நேரப்பதிவுக் கருவி கட்டாயமில்லை என்ற ஒரே சலுகைக்காகப் பழையது தேடுகிறவர்களும் உண்டு. நித்திரையைத் திருடி ஓடுவதற்காக ஒருவர் பழைய ட்ரக் வாங்கினால், அதற்கு என் ஆதரவு துளியும் இல்லை.

ஆகவே பெரிய ட்ரக் ஓட்டுவதற்கான ஏஇசட் லைசென்ஸ் எடுத்துவிட்டு யோசனை கேட்டு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். நீண்ட தூர ஓட்டம், நிலையான ஒப்பந்தம், கையில் முற்பணம் மூன்றும் இருந்தால் புதியதை எடுங்கள். டீசலும் மிச்சம், காற்றுக்கும் நல்லது. கிட்டிய தூர ஓட்டம், நல்ல சட்டம், நம்பிக்கையான மெக்கானிக் மூன்றும் இருந்தால் பழையதைப் புதுப்பியுங்கள். அதையும் கடனில் செய்யாதீர்கள். கிலோமீற்றருக்குப் பத்துச் சதம் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். வருடம் 80,000 கிலோமீற்றர் என்றால் நாலு வருடத்தில் 32,000 டொலர். ஒரு எஞ்சின் வேலை அதற்குள் அடங்கும். காலம் வரும்போது, ஓரளவு பழகிய 2010க்குப் பிந்திய ட்ரக்குக்கு முற்பணமாகவும் அதுவே உதவும். எதை வாங்கினாலும், கட்டுக்காசுக்குப் பயந்து ஒரு சுமையை ஏற்ற வேண்டிய நிலைக்குப் போகாதீர்கள். அகதியாக வந்து இறங்கிய மண்ணில் நாங்கள் உழைத்துச் சம்பாதித்தவற்றில், ‘வேண்டாம்’ என்று சொல்ல முடிவதுதான் எனக்கு ஆகப் பெரிய சொத்து.