அயல்மண்ணின் கல்லறைகளும் குற்றவியல் சட்டமும்

வீட்டையும் நிலத்தையும் விற்றுவிட்டு வேறு நாட்டில் குடியேறியவருக்கும் அவருடைய சொந்த ஊருக்கும் இடையே கடைசிவரை அறுபடாமல் நிற்பது, அந்த ஊர் மண்ணில் புதைக்கப்பட்ட பெற்றோரின் கல்லறைதான். அதை அவரால் அருகிருந்து காக்க இயலாது. கல் பெயர்க்கப்பட்டாலோ நிலம் ஆக்கிரமிக்கப்பட்டாலோ, எல்லாம் முடிந்த பிறகே செய்தி வந்து சேரும். ஆகவே கல்லறையைச் சிதைப்பவரைத் தண்டிக்கும் சட்டம், ஊரில் இருப்பவரைவிட ஊரை விட்டுச் சென்றவருக்கே மிகுதியாகத் தேவைப்படுகிறது.

வேலூரை அடுத்த சத்துவாச்சாரியிலிருந்து சிங்கப்பூருக்குக் குடிபெயர்ந்த ஒருவர் இவ்வகையில் ஒரே சட்டவாசகத்தின் கீழ் இரு நாடுகளிலும் வாழ்ந்தவர் ஆகிறார். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டே நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட சிங்கப்பூர், மலாக்கா, பினாங்குப் பகுதிகளுக்கான சட்டம் 1871இல் இயற்றப்பட்டது. அதனால் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இடுகாட்டுக் குற்றத்தைக் கூறும் பிரிவின் எண் 297 என்றே அமைந்தது. பிறர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு, அல்லது அது புண்படும் என்று அறிந்தே, புதைகுழி அமைந்த இடத்தில் அத்துமீறுவதும், பிணத்தை இழிவுபடுத்துவதும், இறுதிச்சடங்குக்குக் கூடியோருக்கு இடையூறு செய்வதும் அப்பிரிவின்படி குற்றங்களாகும். சிங்கப்பூரில் இக்குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. இந்தியாவிலோ 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவின் எண்ணை 301 என மாற்றியதே தவிர, ஓராண்டுச் சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் என்ற 1860ஆம் ஆண்டின் அளவை மாற்றவில்லை.

இச்சட்டத்தின் அருமையை உணர வேலூர் வட்டாரமே போதுமானது. அது அயலாரின் கல்லறைகள் நிறைந்த மண். 1815இல் ஆங்கிலேயரிடம் அரசை இழந்த கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர், தென்னிந்திய நாயக்கர் வழிவந்தவர். மறு ஆண்டு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832 ஜனவரி 30இல் இறக்கும்வரை கைதியாகவே வாழ்ந்தார். அவரும் அவருடைய உறவினரும் அடக்கம் செய்யப்பட்ட பாலாற்றங்கரையில், தமிழ்நாடு அரசு 1990இல் முத்துமண்டபம் எழுப்பியது. 1799க்குப் பிறகு வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்ட திப்பு சுல்தான் குடும்பத்தாருள் இங்கேயே இறந்தவர்களின் கல்லறைகளும், 1806 ஜூலை 10ஆம் நாள் சிப்பாய்க் கிளர்ச்சியில் மாண்ட ஆங்கிலப் படையினரின் கல்லறைகளும் இதே நகரில் உள்ளன. வெவ்வேறு மதத்தையும் தேசத்தையும் சேர்ந்த, ஒருவருக்கொருவர் பகைவராகவும் இருந்த இவர்களை இந்த மண் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் அயலாருக்குக் கிடைத்த இடம் சொந்த மக்கள் அனைவருக்கும் கிடைத்துவிடவில்லை. 2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டத்தில் இருந்த வாணியம்பாடி அருகே, மயானத்துக்குச் செல்லும் வழியில் பிற சாதியினரின் நிலம் குறுக்கிட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கி அடக்கம் செய்ய நேர்ந்தது. தானே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்ட சென்னை உயர் நீதிமன்றம், அரசே தனி மயானம் ஒதுக்குவதைக் கேள்விக்குள்ளாக்கியது. வழிமறிப்பவர் கல்லறையின் மீது கை வைப்பதில்லை. ஆனால் கல்லறை அமைவதற்கு முன்பே அதன் மதிப்பை அழித்துவிடுகிறார். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இந்த உண்மையை உணர்ந்தே, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மயானத்தைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதையும், அவர்களைக் குழிதோண்டச் செய்வதையும் குற்றமாக்கி, ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் நீதிமன்ற வளாகமும் அமைந்திருக்கும் சத்துவாச்சாரிக்கு இச்சட்டத்தை ஏட்டிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவரும் கடமை மற்ற ஊர்களைவிடக் கூடுதலாகவே உண்டு.

குடியேறிய நாட்டில் புலம்பெயர்ந்தவர் காண்பது வேறொரு முறை. நிலம் குறைந்த சிங்கப்பூரில், 1998இல் வகுக்கப்பட்ட கொள்கையின்படி, சுவா சூ காங் மயானத்தில் ஒரு கல்லறைக்குரிய காலம் பதினைந்து ஆண்டுகள் மட்டுமே. அதன்பின் எச்சங்கள் தோண்டியெடுக்கப்பட்டு, சமயம் அனுமதித்தால் எரியூட்டப்படுகின்றன, அனுமதிக்காவிட்டால் சிறிய குழிகளில் மீண்டும் அடக்கம் செய்யப்படுகின்றன. கிறித்தவர், முஸ்லிம், இந்து எனப் பல சமயத்தாரையும் தாங்கிய பிடாடரி மயானம் 1972இல் மூடப்பட்டு, 2001 முதல் 2006 வரை தோண்டப்பட்டு, இன்று குடியிருப்பாகிவிட்டது. மூதாதையின் குழி நிலைக்காது என்பது சத்துவாச்சாரியில் வளர்ந்தவருக்கு வேதனை தருவதுதான். எனினும் சிங்கப்பூரில் முன்னறிவிப்பும் பதிவேடும் உண்டு. உறவினர் உரிமை கோருவதற்கு அவகாசமும் உண்டு. வேலை அனுமதிச் சீட்டில் வந்த தொழிலாளி இறந்தால், அடக்கத்துக்கோ உடலை ஊருக்கு அனுப்புவதற்கோ ஆகும் செலவை முதலாளியே ஏற்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

இவ்விதிகள் எதுவும் பொருட்படுத்தப்படாதபோது என்ன நேரும் என்பதற்குக் கண்டி மன்னர் ஆண்ட அதே தீவு சான்றாகிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 292ஆம் பிரிவும் புதைகுழிகளில் அத்துமீறுவதைக் குற்றம் என்றே கூறுகிறது. ஆயினும் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில், உள்நாட்டுப் போரில் இறந்த விடுதலைப் புலிப் போராளிகள் அடக்கம் செய்யப்பட்ட மாவீரர் துயிலும் இல்லம் போர் முடிந்தபின் இராணுவத்தால் தரைமட்டமாக்கப்பட்டு, அந்நிலத்தில் 2011இல் படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் பெற்றோருக்குப் பிள்ளையின் பெயர் பொறித்த கல்கூட எஞ்சவில்லை. இறந்தவர் ஏந்திய அரசியல் எதுவாயினும், தாயொருத்தி விளக்கேற்றும் இடத்தை அழிப்பதற்கு அது நியாயம் ஆகாது. தனிமனிதர் செய்தால் சிறைக்குரியதாகும் செயலை அரசு செய்யும்போது சட்டம் வாய்மூடி நின்றால், அச்சட்டம் வென்றவரின் உடைமையாகிவிடுகிறது.

ஆகவே தண்டனைக் காலத்தைக் கூட்டுவது மட்டும் கல்லறைகளைக் காத்துவிடாது. ஒவ்வொரு மயானத்துக்கும் புதைக்கப்பட்டோரின் பெயர்ப் பதிவேடு, குழியை அகற்றும் முன் வெளிநாட்டிலுள்ள உறவினரையும் எட்டும் அறிவிப்பு, எல்லாச் சாதியினருக்கும் பொதுவான பாதை, அரசையும் படையையும் விலக்காத பொறுப்பு ஆகிய நான்கும் சட்டக் கடமைகளாக வேண்டும். அவற்றை மீறுவோருக்கே தண்டனை முழுமையாகப் பொருந்தும். அந்நிய நாட்டில் தம் எலும்புகளுக்கு மரியாதை வேண்டும் என்று எதிர்பார்க்கும் தமிழர், அதே மரியாதையைப் பாலாற்றங்கரையில் தம் சொந்த மக்களுக்கு முதலில் உறுதிசெய்யக் கடமைப்பட்டவர்கள்.