மேல்குழித் தண்ணீர்

தினாஹாவில் தண்ணீர் கிடக்கிறதா என்று கீழே நின்றபடி சொல்லிவிட முடியாது. ஏறித்தான் பார்க்க வேண்டும். அரிசோனாவின் தென்மேற்கு மூலையில், மெக்சிகோ எல்லையோரம் இருக்கும் தினாஹாஸ் அல்தாஸ் மலையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஏற்றம்தான். ஸ்பானிய மொழியில் பெரிய மண்சாடிக்குப் பெயர் தினாஹா. மழைவெள்ளம் மணலையும் கல்லையும் சுழற்றிக் குடைந்த பாறைக்குழிக்கும் அதுவே பெயராகிவிட்டது.

செங்குத்தான சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குழிகள். நாங்கள் போனபோது அடிக்குழியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர். விளிம்பு முழுக்கத் தேனீக்கள். கூட வந்த நண்பர் கீழ்ப்பாறையில் தேய்ந்திருந்த உரல்குழிகளைக் காட்டினார். இப்பகுதிப் பழங்குடிகளான ஓ'ஓதாம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேலமர இனத்து நெற்றுகளை இடித்த இடம். விரலை உள்ளே விட்டுப் பார்த்தேன், வழவழவென்றிருந்தது. 1699இல் பாதிரியார் கீனோ இவ்வழியே வந்தபோதும் அவர்களுக்கு இந்தத் தண்ணீர் பழையது.

இந்தக் குழிகளை ஒட்டிப் போகும் பழைய பாதைக்குப் பெயர் 'பிசாசின் வழி'. 1849க்குப் பிறகு கலிபோர்னியத் தங்கத்தைத் தேடிப் போனவர்களில் பலர் இவ்வழியில் தாகத்தால் செத்தார்கள். அடிக்குழி வறண்டிருக்க, மேலே ஏறத் தெம்பில்லாமல் இங்கேயே விழுந்தவர்களும் உண்டு என்பார்கள். 1905 ஆகஸ்டில் இங்கே முகாமிட்டிருந்த அறிவியலாளர் டபிள்யூ. ஜே. மெக்கீ, ஒரு நாளுக்கான தண்ணீரோடு ஏறக்குறைய ஏழு நாள் அலைந்த பாப்லோ வலென்சியாவைக் கண்டெடுத்துப் பிழைக்க வைத்தார். தாகம் உடலை என்ன செய்கிறது என்று அடுத்த ஆண்டு அவர் எழுதிய கட்டுரையைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மனிதர்களுக்கு மட்டுமா இந்த ஏற்றமும் இறக்கமும்? நீர்மட்டம் தாழ்ந்த குழிகளில் குடிக்க இறங்கும் மலையாடு, வழுக்குப் பாறையில் மேலேற முடியாமல் உள்ளேயே மாண்டுபோவதுண்டு.

குடிநீர்க்குழியை மறித்துக் கூடாரம் போட்டால் விலங்குகள் அண்டாது. அதனால் கால் மைல் தள்ளித்தான் தங்க வேண்டும் என்கிறது அரிசோனாச் சட்டம். நாங்களும் இருட்டுவதற்குள் விலகிப் போனோம். யாருக்கும் சொந்தமில்லாத தண்ணீருக்கு இதைவிட நல்ல சட்டம் எனக்குத் தெரியாது: குடி, நகர்ந்துகொள், அடுத்து வரும் உயிருக்கு வழி விடு.